முதல் வருஷ காம்போசிஷன்: "இது சுருக்கம், ஆய்வு எங்கே?" (யாராவது விளக்குங்க)

மூன்றாம்பெஞ்ச்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல முதல் வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்க காலேஜ்ல எந்த மேஜரா இருந்தாலும் முதல் வருஷம் காம்போசிஷன், அதாவது கட்டுரை எழுதற பாடம், எடுத்தே ஆகணும். செமஸ்டருக்கு நாலு பெரிய கட்டுரை, கடைசியில போர்ட்ஃபோலியோ. முதல் கட்டுரை லிட்டரசி நரேட்டிவ், அதாவது நான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட கதை. அதுக்கு ஏ மைனஸ். தலைகால் புரியல. ரெண்டாவது ரெட்டாரிக்கல் அனாலிசிஸ், அதாவது ஒருத்தர் தன் எழுத்தால படிக்கறவங்களை எப்படி இணங்க வைக்கறாருன்னு ஆராயறது. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரல்ல பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதின கடிதம்தான் பாடம். மூணு ராத்திரி முழிச்சு எழுதினேன். சி பிளஸ்.

கிராமர்ல ஒரு தப்பு இல்ல. ஓரத்துல ரெண்டே ரெண்டு கமென்ட். ஒண்ணு, "இது சுருக்கம், ஆய்வு எங்கே?" இன்னொண்ணு தீசிஸ் (கட்டுரையோட மையக் கருத்து) பக்கத்துல, "சரி, அதனால?" அவ்வளவுதான். திருத்திக் கொடுக்க ஒரு வாரம் டைம். முதல் பத்தியைத் தமிழ்ல மாத்திப் போடறேன் (ஈதோஸ்னா பேசறவர் மேல வர்ற நம்பிக்கை, பாத்தோஸ்னா உணர்ச்சி, லோகோஸ்னா தர்க்கம்):

"தம் கடிதத்தில் கிங் ஈதோஸ், பாத்தோஸ், லோகோஸ் ஆகிய மூன்றையும் திறம்படப் பயன்படுத்தித் தம் வாதத்தை நிறுவுகிறார். முதலாவதாக, தாம் ஓர் அமைப்பின் தலைவர் என்று கூறி ஈதோஸை உருவாக்குகிறார். இரண்டாவதாக, தம் மகளின் கண்ணீரைக் கூறிப் பாத்தோஸை உருவாக்குகிறார். மூன்றாவதாக, நீதியான சட்டம், அநீதியான சட்டம் என்று பிரித்து லோகோஸை உருவாக்குகிறார்."

இதுல என்ன குறை? கேட்ட மூணும் இருக்கே.

கணக்குப்பிள்ளை:
குறை உன் மேல இல்ல தம்பி, கோர்ஸ் மேல. கோடு எழுத வந்த பையனை உட்கார வெச்சு அரிஸ்டாட்டில் சொன்ன மூணு வார்த்தையை உருட்டச் சொல்றாங்க. நானும் எடுத்தேன், பி வாங்கினேன், மறந்துட்டேன். பதினாலு வருஷ வேலையில ஒருத்தன் கூட என்கிட்ட பாத்தோஸ் எங்கேன்னு கேட்டதில்ல.

வெண்பாஅல்ல:
பள்ளிக்கூடத்துல முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு எழுதினோமே, அதே சட்டகம்தான் இது. இங்கத்துப் பிள்ளைங்க ஐந்து பத்திக் கட்டுரைன்னு அதையே வேற பேர்ல படிச்சிட்டு வர்றாங்க. அறிமுகம், மூணு பாயின்ட், முடிவு. பரீட்சை அறையில நாற்பது நிமிஷத்துல எழுத அருமையான உத்தி. காலேஜ்ல அதுவே காலை வாரி விடும். மூணு பாயின்ட் வேணும்னு மூணு பாயின்ட் எழுதினா, நாலாவதா ஒரு நல்ல விஷயம் கண்ணுல பட்டாலும் பார்க்காத மாதிரி போயிடுவோம்.

சிவப்புமை:
நான் பதினோரு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தம்பியின் பத்தியை மாதிரி ஒன்றை வாரத்துக்கு இருபது படிப்பேன். சலித்துக்கொள்ளவில்லை, அத்தனை பேரும் விழுகிற பள்ளம் இது என்று சொல்கிறேன்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்கள் பத்தியில் கிங் பெயரை எடுத்துவிட்டு, தேர்தலில் நிற்கும் யாரோ ஒருவர் பெயரைப் போடுங்கள். மகளின் கண்ணீரை எடுத்துவிட்டு அம்மாவின் கண்ணீரைப் போடுங்கள். பத்தி அசையாமல் அப்படியே நிற்கிறது, இல்லையா? எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற பத்தி இந்தக் கடிதத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. "சரி, அதனால?" என்று எழுதியதன் பொருள் அதுதான். உங்கள் ஆசிரியர் கோபத்தில் எழுதவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

ஈதோஸ், பாத்தோஸ், லோகோஸ் மூன்றும் பொருளைப் போட்டு வைக்கும் டப்பா மாதிரி. எதை எந்த டப்பாவில் போட்டீர்கள் என்று பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். டப்பாவைத் திறந்து காட்டவில்லை.

மூன்றாம்பெஞ்ச்:
மேடம், சோதனை பண்ணிப் பார்த்தேன். எங்க டார்ம் வார்டனுக்குக் கூடப் பொருந்துது. கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கு. சரி, திறந்து காட்டறதுன்னா எப்படி? எதிலிருந்து ஆரம்பிக்கறது?

சிவப்புமை:
யாருக்கு எழுதினார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கடிதம் என்றால் வாங்குபவர் ஒருவர் இருப்பார். உங்கள் பத்தியில் அவரைக் காணோம்.

அந்தக் கடிதம் அலபாமாவின் 8 வெள்ளை இன மதகுருமார்களுக்கு எழுதியது. அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு, நிறப் பிரிவினையை எதிர்த்து நடந்த பர்மிங்காம் ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலமறியாதவை என்று சொல்லியிருந்தார்கள். அந்த 8 பேரில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், பாப்டிஸ்ட், எபிஸ்கோப்பல் சபைக்காரர்கள், ஒரு கத்தோலிக்க ஆயர், ஒரு யூத ரபி. இதைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் "லோகோஸ்" என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்ட சட்டம் பற்றிய பகுதியை மறுபடி படியுங்கள். அங்கே கிங் யாரை எல்லாம் துணைக்கு அழைக்கிறார் என்று மட்டும் எழுதி வாருங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம்பெஞ்ச்:
படிச்சேன். அகஸ்டின், தாமஸ் அக்வினாஸ், மார்ட்டின் பூபர், பால் டில்லிக். கூகுள் பண்ணினேன். அகஸ்டின் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுக்கும் பொதுவானவர். அக்வினாஸ் கத்தோலிக்கர். பூபர் யூதத் தத்துவ அறிஞர். டில்லிக் புராட்டஸ்டன்ட்.

ஐயோ. வாங்கப்போற 8 பேர்ல ஒவ்வொருத்தருக்கும் அவங்க வீட்டுப் பெரியவரையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு!

சிவப்புமை:
இந்த "ஐயோ"தான் ஆய்வு. இதைப் பத்தியாக்க வேண்டியதுதான் பாக்கி. டில்லிக்கை இன்னொரு இறையியலாளரோடு ஒப்பிட்டுத்தான் கிங் தம் டாக்டர் பட்ட ஆய்வையே செய்தார். அவர் வாயில் அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒத்துக்கறேன், இது எனக்கும் தெரியாது. என் வாத்தியார் இப்படிக் கேட்டிருந்தா நானும் கொஞ்சம் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனா ஒரு கேள்வி. ரெண்டே வரி எழுதிட்டு சி பிளஸ் போட்டா பையன் என்ன பண்ணுவான்? இதை அவரே எழுதியிருக்கலாமே.

சிவப்புமை:
நியாயமான கேள்வி, கணக்குப்பிள்ளைக்குக் கணக்காகவே சொல்கிறேன். கல்லூரி எழுத்துப் பாடம் நடத்துபவர்களுக்கென்று சிசிசிசி என்று ஓர் அமைப்பு 1949 முதல் இருக்கிறது. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 இருந்தால் உத்தமம், ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் 60 மாணவருக்கு மேல் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. அந்த 60ஐயே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 கட்டுரை, ஒன்றுக்கு 20 நிமிடம். 80 மணி நேரம். இது ஒரே ஒரு முறை படிக்க. திருத்திய படியையும் படித்தால் இரட்டிப்பு. நான் இந்தப் பருவம் இரண்டு கல்லூரியில் சேர்த்து 88 பேரை வைத்திருக்கிறேன், பகுதிநேரச் சம்பளத்தில். சில இரவுகளில் "அதனால?" என்று எழுதக்கூட எனக்குத் தெம்பு இருக்காது.

அதனால்தான் ஆபீஸ் அவர்ஸ், அதாவது மாணவர்கள் நேரில் வந்து கேட்க ஒதுக்கிய நேரம். வந்து உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். பயந்துகொண்டு யாரும் வருவதில்லை. நான் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

பழையமாணவி:
தம்பி, நான் ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே கடிதத்துக்கு எழுதினவ. ஒரு விஷயம் சொல்றேன், வேணும்னா எடுத்துக்கோ.

கடிதத்தின் நடுவுல ஒரு வாக்கியம் வரும், 300 வார்த்தைக்கு மேல. "நீங்கள் பார்க்கும்போது", "நீங்கள் பார்க்கும்போது"னு அடுக்கிக்கிட்டே போவாரு. கும்பல் அடிச்சுக் கொல்றது, போலீஸ் உதைக்கறது, ஆறு வயசு மகளுக்கு அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஏன் போக முடியாதுன்னு சொல்ல நாக்குக் குழர்றது, அஞ்சு வயசு மகனோட கேள்விக்கு பதில் ஜோடிக்கறது, ராத்திரி தங்க எந்த மோட்டல்லயும் இடம் இல்லாம கார்லயே தூங்கறது. எல்லாம் அடுக்கி அடுக்கி, கடைசியிலதான் "பொறுத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்று அப்போது உங்களுக்குப் புரியும்"னு முடிப்பாரு.

நீ முதல் தடவை படிச்சப்போ இது உறுத்துச்சா? எனக்கு உறுத்தல. வகுப்புல பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு "மூச்சு முட்டுது, எப்போ முடியும்னு ஆயிடுச்சு"ன்னு சொன்னா. எனக்கு முட்டல. ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். நம்ம மொழியில வினைமுற்று கடைசியிலதான் வரும். "வந்தபோது, பார்த்தபோது, கேட்டபோது"ன்னு பத்து எச்சம் அடுக்கினாலும் முற்று வர்ற வரைக்கும் காத்திருந்து நமக்குப் பழக்கம். இங்கிலீஷ்காரங்களுக்கு எழுவாயும் வினையும் முன்னாடியே கைக்கு வந்துடணும். அதை அவரு வேணும்னே பூட்டி வெச்சுட்டாரு.

வெண்பாஅல்ல:
அட. அதாவது "பொறு" என்று சொன்னவர்களை, ஒரே வாக்கியத்துக்குள் வைத்துப் பொறுக்கச் செய்கிறார்.

மூன்றாம்பெஞ்ச்:
அக்கா!! நான் அந்த வாக்கியத்தைத்தான் "பாத்தோஸ்"னு ஒரே வரியில முடிச்சேன்.

ஒரு சந்தேகம். தமிழைப் பத்தியெல்லாம் கட்டுரையில எழுதலாமா? ஃபார்மல் கட்டுரையில "நான்" வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே.

சிவப்புமை:
தாராளமாக எழுதலாம், சிலபஸில் தடை இல்லாவிட்டால். "நான் நினைக்கிறேன்", "என் கருத்துப்படி" என்று வரிக்கு வரி போட்டு வாக்கியத்தைத் தளர்த்திவிடக்கூடாது என்பதற்காகச் சொன்ன விதி அது. நீங்கள் ஒரு தமிழ் வாசகராக அந்த வாக்கியத்தைக் கண்டு தடுமாறாமல் போனது சான்று. என் வகுப்பில் வந்திருந்தால் கொண்டாடியிருப்பேன். ஆனால் அரைப் பக்கத்தைத் தாண்டாதீர்கள், கட்டுரை கிங்கைப் பற்றியது.

அரைத்தூக்கம்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? சாட்ஜிபிடி கிட்ட ப்ராம்ப்ட் போட்டா மூணு நிமிஷம். கொஞ்சம் வார்த்தையை மாத்தினா முடிஞ்சுது.

பழையமாணவி:
போட்டுப் பார்த்தேன், அனுபவிச்சு சொல்றேன். "ஈதோஸ், பாத்தோஸ், லோகோஸ் ஆகிய மூன்றையும் திறம்பட"ன்னுதான் ஆரம்பிச்சுது. தம்பியோட சி பிளஸ் பத்தி, ஆனா பளபளன்னு இஸ்திரி போட்டது.

அரைத்தூக்கம்:
😀 சரி. ஆனா கண்டுபிடிக்க முடியாதே?

கணக்குப்பிள்ளை:
இதுல நான் பேசறேன், என் ஏரியா. கண்டுபிடிக்கற கருவிகளை நம்பறதும் ஆபத்து, அதுல மாட்டறது நம்ம பிள்ளைங்கதான். சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்துது. அதை உண்டாக்கின ஓப்பன்ஏஐ தானே ஒரு கண்டுபிடிப்புக் கருவி விட்டு, சரியா வேலை செய்யலன்னு 2023 ஜூலையில மூடிடுச்சு. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்காரங்க 91 டோஃபல் (இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க எழுதற தேர்வு) கட்டுரைகளை 7 கருவியில போட்டுப் பார்த்தாங்க. எல்லாம் மனுஷங்க கையால எழுதினது. சராசரியா பாதிக்கு மேல எந்திரம் எழுதினதுன்னு சொல்லுச்சு. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க கத்துக்கிட்ட வார்த்தையை வெச்சு எளிமையா எழுதுவாங்க, கருவிக்கு அதுவே சந்தேகம்.

அதனால தம்பி, நீ சொந்தமா எழுதினாலும் சாட்சி வெச்சுக்கோ. முதல் வரியிலிருந்து கூகுள் டாக்ஸ்ல எழுது. எப்போ எதை அடிச்ச, எதை அழிச்சன்னு வெர்ஷன் ஹிஸ்டரியில நிக்கும். பேப்பர்ல கிறுக்கினதையும் தூக்கிப் போடாத.

சிவப்புமை:
வழிமொழிகிறேன். நானும் முதல் டிராஃப்ட், பியர் ரிவ்யூ (சக மாணவர் எழுதிய கருத்து), இறுதிப் படி மூன்றையும் சேர்த்தே வாங்குகிறேன். ஒருவர் தடுமாறிய தடம் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வராது.

கணக்குப்பிள்ளை:
பை த வே, கட்டாயம்னு திட்டினேனே, இந்தக் கட்டாயம் எப்போ வந்துதுன்னு தேடினேன். ஹார்வர்டு 1874ல நுழைவுத் தேர்வுல இங்கிலீஷ் கட்டுரை வெச்சிருக்கு. வந்த பசங்களோட எழுத்தைப் பார்த்து நொந்து போய் 1885ல முதல் வருஷத்துக்கே "இங்கிலிஷ் ஏ"ங்கற பேர்ல ஒரு பாடத்தை வெச்சிருக்கு. ஆக, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எழுதத் தெரியல"ங்கற புலம்பலுக்கு வயசு 150 ஆச்சு.

மூன்றாம்பெஞ்ச்:
ஒரு மொக்கை கேள்வி நடுவுல. எம்எல்ஏ ஃபார்மட்ல (கட்டுரையை எப்படி அமைக்கணும்னு சொல்ற ஒரு விதிமுறை, அரசியல் எம்எல்ஏ இல்ல) ஒவ்வொரு பக்கமும் வலது மேல் மூலையில குடும்பப் பேரும் பக்க எண்ணும் போடணுமாம். எனக்குக் குடும்பப் பேரே இல்ல. இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசியில நிக்குது. முதல் கட்டுரையில என் பேரைப் போட்டேன், வாத்தியார் அடிச்சுட்டு அப்பா பேரை எழுதிட்டாரு. பக்கத்துக்குப் பக்கம் அப்பா எழுதின கட்டுரை மாதிரி இருக்கு.

வெண்பாஅல்ல:
😂 அப்பாவுக்கு ஏ மைனஸ் வாங்கிக் கொடுத்த முதல் பிள்ளை நீதான்.

பழையமாணவி:
காலேஜ் ரெக்கார்டுல எந்தப் பேர் கடைசியில இருக்கோ அதையே போட்டுடு, இல்லன்னா போர்ட்டல்ல கட்டுரை வேற ஆள் பேர்ல நிக்கும். ஒரு அங்குல மார்ஜின், டபுள் ஸ்பேஸ், தலைப்பை போல்டு பண்ணாத. இதுக்கு மேல ஃபார்மட்டுக்கு மூளை செலவழிக்காத.

சிவப்புமை:
ஃபார்மட்டை விடுங்கள். திருத்தி எழுதுவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்சி சாமர்ஸ் 1980ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முதல் வருட மாணவர்களிடமும் அனுபவப்பட்ட எழுத்தாளர்களிடமும் எப்படித் திருத்துகிறீர்கள் என்று கேட்டார். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் வார்த்தையை மாற்றுவது. அனுபவப்பட்டவர்களுக்கு வாதத்தின் உருவத்தைத் தேடுவது. இன்றைக்கும் "திருத்திவிட்டேன்" என்று வருகிற கட்டுரையில் "திறம்பட" போய் "சிறப்பாக" வந்திருக்கும்.

பழைய டிராஃப்டைப் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். பத்தி என்ன சொல்கிறது என்று வேண்டாம், என்ன செய்கிறது என்று எழுதுங்கள். "கதையைச் சொல்கிறது" என்று எத்தனை பத்திக்கு எழுத வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
எட்டுக்கு ஆறு. ஆறு பத்தி கதை. மானம் போச்சு.

(ரெண்டு நாள் கழிச்சு) புதுப் பத்தி இது. திட்டறவங்க திட்டலாம்:

"எட்டு மதகுருமார்களும் கிங்கிடம் கேட்டது ஒன்றுதான்: பொறுங்கள். அதற்கு அவர் உடனே வாதம் செய்யவில்லை, அவர்களைப் பொறுக்க வைக்கிறார். 300 சொல்லுக்கு மேல் நீளும் ஒரே வாக்கியத்தில் அவமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதன்மை வினையைக் கடைசிவரை தராமல் வைத்திருக்கிறார். தமிழில் படித்து வளர்ந்த எனக்கு இப்படிக் காத்திருப்பது பழக்கம். முதல் வாசிப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை. ஆங்கில வாசகருக்கு இது நெருக்கடி. வாக்கியம் முடியாதா என்று அவர் தவிக்கும் இடத்தில்தான், பொறுப்பது ஏன் கடினம் என்று புரியும் என அது முடிகிறது. சற்று முன்பு 340 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம் என்று எண்ணாகச் சொன்னதை, இங்கே வாசகரின் மூச்சில் சில நொடி நடத்திக் காட்டுகிறார்."

பழையமாணவி:
கடைசி வரி. 👏 எனக்குப் பொறாமையா இருக்கு.

கணக்குப்பிள்ளை:
என் பி-யை வாபஸ் வாங்கிக்கச் சொல்லணும்.

சிவப்புமை:
நன்றாக இருக்கிறது. இப்போது சிவப்பு மை.

முதல் வரி தவறு. அந்த 8 பேர் அறிக்கையைத் தேடிப் படியுங்கள், ஒரு பக்கம்தான். "பொறுங்கள்" என்ற சொல்லே அதில் இல்லை. கிங் பெயரும் இல்லை. காலமறியாதது என்கிறார்கள், நீதிமன்றத்துக்குப் போங்கள், பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்கிறார்கள். "பொறு" என்று அதற்குப் பெயர் வைத்தது கிங். மரியாதையான நீண்ட அறிவுரையை ஒரே அதட்டல் சொல்லாகச் சுருக்கிவிட்டு, பிறகு அந்த ஒரு சொல்லுக்கு 300 சொல்லில் பதில் சொல்கிறார். அவர்கள் தரப்புக்கு இது நியாயமா, அநியாயமா? கடிதத்தில் வேறோர் இடத்தில் அவர்களில் ஒருவரை, ஸ்டாலிங்ஸை, தம் ஆலய வழிபாட்டுக்குக் கறுப்பினத்தவரை வரவேற்றதற்காகப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் தீசிஸ் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மூன்றாம்பெஞ்ச்:
மேடம், நாளைக்கு ராத்திரி 11:59 டெட்லைன். இப்போ போய் முழுக் கட்டுரையையும் கலைக்கச் சொல்றீங்களா?

சிவப்புமை:
முழுவதும் வேண்டாம் தம்பி. முதல் பத்தியும் அதற்கேற்ற கடைசிப் பத்தியும். நடுவில் இருப்பவை தாமாக இடம் மாறிக்கொள்ளும்.

மூன்றாம்பெஞ்ச்:
(பதினொரு நாள் கழிச்சு) ஏ மைனஸ். ஓரத்துல இந்த தடவை ஏழு கமென்ட். நடுவுல ஒண்ணு, "இதை வகுப்பில் வாசித்துக் காட்டலாமா?"ன்னு. சரின்னுட்டேன், கை நடுங்குது. அறிக்கையைப் பத்தின பத்தியில மட்டும் "நியாயமா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டாய்"னு எழுதியிருக்காரு. உண்மைதான், அப்போ மணி 11:40.

அடுத்தது அனோடேட்டட் பிப்ளியோகிராஃபி, அதாவது ஒவ்வொரு ஆதாரத்துக்கும் குறிப்பு எழுதின பட்டியல். எட்டு ஆதாரம், ஒவ்வொண்ணுக்கும் 150 வார்த்தை. அதுக்கும் சுருக்கம் மட்டும் போதாதாம். அக்கா, மேடம், இருக்கீங்களா?

வெண்பாஅல்ல:
புது இழை போடுப்பா, இது நீண்டுடுச்சு. தலைப்புல அப்பா பேரைப் போடாத.